அரண்மனைக்காரரின் மூன்று ரெக்கார்டுகள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, பிள்ளையார் சுழி மட்டும் போட்டு மூடி வைத்த நோட்டுகள் என் அலமாரியில் நாலு இருந்தன. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் சுழி, அப்புறம் வெறும் கோடு. இரண்டை என் மனைவி கோலம் போட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டாள். எழுதத் தெரியாததால் நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான் படிப்பு என்றாலும் ஆபீஸில் தினம் கடிதம் எழுதிப் பழகிய கைதான். நடுவில் ஓர் இடம் வரும். அந்த இடத்தில் உண்மையை எழுதுவதா, இத்தனை வருடமாக எல்லோருக்கும் சொல்லிவந்ததை எழுதுவதா என்று தெரியாமல் பேனாவை மூடிவிடுவேன். இந்தத் தடவை முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் மதராஸ்காரர்கள். கம்பெனி வேலைக்காக அப்பா கல்கத்தா வந்தார். அவர் போன பிறகு அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். லேக் கார்டன்ஸில் ஒரு வங்காளி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். அம்மா, நான், என் மனைவி, என் தங்கை என்று நாலு பேர். தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். வங்காளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுதினால்தான் ஒற்று விட்டுப்போகும்.

ஒரு குளிர்காலம், மைதானத்தில் போட்டிருந்த புத்தகக் கண்காட்சிக்கு ஆபீஸ் தோழிகளோடு போனாள். பின்னல் புத்தகம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் ரஷ்யக் கடையிலிருந்து ஒரு ரெக்கார்டோடு வந்தாள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. பின்பக்கம் மட்டும் பொடி எழுத்தில் இங்கிலீஷ் இருந்தது. அதைப் படித்துச் சொன்னாள்.

"இதைப் போட்டவர் அர்மீனியர் அண்ணா. பாலேன்னு ஒரு நாட்டியம் இருக்கு. அதுக்குப் போட்ட இசை. பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும்தான்."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, அரண்மனைக்காரரா?"

அம்மா பிறந்து வளர்ந்தது மதராஸில் அரண்மனைக்காரன் தெருவுக்கு அடுத்த சந்து. அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் அர்மீனிய வியாபாரிகள் குடியிருந்த தெரு அது. நம் ஆட்களின் வாயில் அர்மீனியன் என்பது அரண்மனை ஆகிவிட்டது. அம்மாவுக்கு அர்மீனியர் என்றாலே அரண்மனைக்காரர்தான். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த இசைக்கும் அதே பெயர்.

அடுத்தடுத்த குளிர்காலங்களில் இன்னும் இரண்டு ரெக்கார்டுகள் வந்தன. மொத்தம் மூன்றில் இரண்டு நாட்டிய இசை, ஒன்று நாட்டியம் இல்லாமல் பெரிய வாத்தியக் கோஷ்டி மட்டும் வாசித்தது. எல்லாம் அதே மனிதர் போட்டது. ஆபீஸிலிருந்து வந்து, முகம் கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தெருவில் டிராபிக் இரைச்சல் என்பதால் கதவைச் சாத்தினால்தான் கேட்கும்.

"வந்துட்டாராடி உன் அரண்மனைக்காரரு?" என்பாள் அம்மா.

"வந்துட்டாரும்மா. காபி வேணாமாம்."

ஒரு துண்டு ரொம்ப வேகமாக இருக்கும். மரக்கட்டையில் நூறு கரண்டியால் தட்டுகிற மாதிரி. "எவர்சில்வர் கடையில எலி பூந்துடுச்சு," என்று என் மனைவி சமையலறையிலிருந்து கத்துவாள். இன்னொரு துண்டு மெதுவானது. நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குழல், தனியாக, எதையோ தேடிக்கொண்டு போகிற மாதிரி வரும். அதற்குத்தான் தங்கை காத்திருப்பாள். எனக்கு முதலில் அது இசையாகவே படவில்லை. போகப்போகச் சாயங்காலப் பூஜை முடிந்ததும் என் காதும் அதற்குக் காத்திருக்க ஆரம்பித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடங்களில் லோட் ஷெடிங் ஆரம்பித்துவிட்டது. பாதிப் பாட்டில் கரண்ட் போகும். ரெக்கார்டு உடனே நிற்காது. குழல் மெல்ல மெல்லத் தடித்து, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற ஆள் மாதிரி இழுத்து, அப்புறம்தான் அடங்கும். இருட்டில் மிச்சத்தைத் தங்கை முணுமுணுத்து முடிப்பாள். ஒரு சுரம் விடமாட்டாள். அது முடிகிற வரைக்கும் நாங்கள் யாரும் மெழுகுவர்த்தி தேடப் போகமாட்டோம்.

மாடியில் வீட்டுக்காரரின் மனைவி இருந்தார். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம். சித்தி என்கிற மாதிரிதான். நல்ல மனுஷி, வாய் கொஞ்சம் அதிகம். ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பிடித்து, "தினம் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உன் தங்கை என்ன செய்கிறாள்?" என்று கேட்டார். அர்மீனியரை வங்காளத்தில் ஆர்மானி என்பார்கள். சிரித்துக்கொண்டே வங்காளத்தில் சொன்னேன்: "ஆர்மானி ஷாஹேப் வருகிறார், மாஷிமா. ஆறு மணிக்கு வந்தால் ஏழு மணிக்குத்தான் போவார்." அப்புறம் உள்ளே கூட்டிக்கொண்டு போய் ரெக்கார்டைக் காட்டினேன். மாஷிமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்கு வெளியே அந்தக் கேலியை முதலில் சொன்ன வாய் என்னுடையது.

தங்கைக்கு இருபத்தாறு ஆனபோது மதராஸிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது. அம்மா கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருந்து வேண்டிக்கொண்ட இடம். பையனின் அப்பா, அம்மா இருவரும் முதலில் வந்து பார்ப்பதாகவும், பிடித்தால் பையன் வருவதாகவும் ஏற்பாடு. கரியாஹாட்டில் அவர்களுடைய உறவினர் வீட்டில் தங்கினார்கள்.

அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ரெக்கார்டுகள் முன்னறையில் பூஜை மாடத்துக்குப் பக்கத்து ஷெல்பில் இருந்தன. ஓர் அட்டையில் ஓர் ஆள் ஒரு பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பான். பெண்ணின் கால் முழுக்கத் தெரியும். அம்மா அதை எப்போதும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவாள். தங்கை திரும்ப இந்தப் பக்கம் திருப்புவாள். இது அவர்களுக்குள் வருடக்கணக்காக நடந்த விளையாட்டு. எனக்கு அன்று அது விளையாட்டாகத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்கள்? சாமி பக்கத்தில் இதை இத்தனை நாள் வைத்திருந்ததே தப்போ?

வாசலில் பிக்ரிவாலா, அதாவது பழைய பேப்பர் எடுக்கிறவன், கூவிக்கொண்டு போனான். பழைய பேப்பர் கட்டோடு மூன்று ரெக்கார்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். தங்கை ஆபீஸிலிருந்து வந்து ஷெல்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பரண்மேல வச்சிருக்கேம்மா. அவங்க போனப்புறம் எடுத்துக்கலாம்," என்றேன்.

"பத்திரமா வச்சியா அண்ணா? ஈரம் பட்டா வளைஞ்சிடும்."

"பட்டுத்துணி சுத்தி வச்சிருக்கேன்."

பட்டுத்துணி என்று சொன்னது நான்தான். பொய் சொல்லும்போது என் நாக்கு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. இதை இங்கே எழுதிவைக்கக் காரணம் பின்னால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது. பையனின் அம்மா தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தலையைத் தடவிக் கொடுத்தார். பையனின் அப்பா மதராஸில் அரண்மனைக்காரன் தெருவில் ஒரு கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சந்து சந்தாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கிளம்பும்போது, "நாளைக்கு வந்து நல்ல சேதி சொல்றோம்," என்றார் அவர்.

படிக்கட்டுப் பக்கம் மாஷிமா நின்றுகொண்டிருந்தார். சந்தோஷம் அவருக்கும் தாங்கவில்லை. தங்கையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வந்தவர்கள் முன்னாலேயே உரக்கக் கேட்டார்: "ஏபார் ஆர்மானி ஷாஹேபேர் கீ ஹோபே?"

இனிமேல் அர்மீனிய துரையின் கதி என்ன என்று அர்த்தம். தங்கை வெட்கப்பட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர்களுக்கு வங்காளம் புரியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கூட வந்திருந்த கரியாஹாட் உறவினர் இருபது வருடம் கல்கத்தாவில் இருந்தவர். போகிற வழியிலேயே மொழிபெயர்த்துவிட்டார். ஆர்மானி என்ற சொல்லுக்கு அரண்மனைக்காரன் தெருக்காரருக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். கல்கத்தாவில் அர்மீனியர்கள் நிஜமாகவே இருந்தார்கள். அவர்களுடைய சர்ச்சும் பெரிய பெரிய கட்டடங்களும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் யாரும் வரவில்லை. சாயங்காலம் ஆள் அனுப்பி என்னை மட்டும் கூப்பிட்டார்கள். கரியாஹாட் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சு நின்றுவிட்டது.

"உக்காருங்க தம்பி," என்றார் பையனின் அப்பா. "சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. அந்த அர்மீனியாக்காரன் யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அது ஆளே இல்லீங்க. ரெக்கார்டு. ரஷ்யா ரெக்கார்டு. மாஷிமா கேலி பண்ணாங்க."

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "அப்படியா? சரி, ஒரு நடை போய் அதை எடுத்துட்டு வாங்க. என் சம்சாரம் ஒரு தடவை கண்ணால பாத்துட்டா மனசு ஆறிடும்."

நான் எழுந்திருக்கவில்லை.

"என்ன தம்பி?"

"அது இப்ப இல்லீங்க."

"இல்லேன்னா?"

"பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்."

"எப்போ?"

"நாலு நாளாச்சு."

"நாங்க வர்றதுக்கு முன்னாடி," என்றார் அவர். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து பையனின் அம்மாவின் குரல் வந்தது: "நான்தான் சொன்னேனே."

மாஷிமாவைக் கூட்டி வந்து சொல்லச் சொல்லியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது, என் தங்கையின் நடத்தைக்கு ஊர்ப் பெண் ஒருத்தி வந்து சாட்சி சொல்வதா என்று வீம்பு வந்துவிட்டது. பையனின் அப்பா நல்லவர்தான். சம்பந்தத்தை முறிக்க அவருக்கும் மனமில்லை. எழுந்தார்.

"தம்பி, நீங்க சாமி கும்பிடறவர்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. உங்க நெத்தியைப் பாத்தாலே தெரியுது. வேற எதுவும் வேணாம். உள்ளே வாங்க. கற்பூரம் ஏத்தறேன். என் தங்கச்சிக்கு எந்த அர்மீனியாக்காரனையும் தெரியாதுன்னு அதைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணிடுங்க. அதோட விட்டுடறேன். தாம்பூலம் மாத்திக்கலாம்."

பூஜை அறையில் தட்டில் கற்பூரம் எரிந்தது. அவர்கள் வீட்டிலும் முருகன்தான். எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் அப்பா சத்தியம் செய்யக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர். பொய்ச் சத்தியம் வம்சத்தை அழிக்கும், மெய்ச் சத்தியமானாலும் சாமியை நம் சண்டைக்குச் சாட்சி கூப்பிடுகிற பாவம் என்பார். நான் கையை நீட்டவில்லை. "எங்க வழக்கத்துல சத்தியம் பண்றதில்லீங்க," என்றேன். கற்பூரம் தானாக எரிந்து அடங்குகிற வரைக்கும் நின்றோம். யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

"புரிஞ்சுது," என்றார் அவர். என் செருப்பு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

இதுவரைக்கும் நான் எல்லோருக்கும் சொன்ன கதைதான். தெய்வ பயத்தால் சத்தியம் செய்யவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன், எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் என்னைப் பெரிய மனுஷன் என்றார்கள்.

என்னை நாலு நோட்டுகளிலும் நிறுத்திய இடம் இது. அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. கற்பூரத்துக்கு நேராகக் கையைத் தூக்கப் போனபோது, போன மாதத்தில் தங்கை இரண்டு நாள் ஆபீஸிலிருந்து தாமதமாக வந்தாளே, ஊர்வலத்தில் டிராம் நின்றுவிட்டது என்றாளே, ஒருவேளை, என்று ஒரு நினைப்பு ஓடிற்று. கண்ணிமைக்கிற நேரம்தான். என் கை நின்றது அந்த நினைப்பால். பட்டுத்துணிப் பொய்யில் என் நாக்கைத் தடுக்காத தெய்வ பயம் கையை மட்டும் தடுத்திருக்குமா? அப்பாவின் வார்த்தை அதற்குப் பிறகு, போர்த்திக்கொள்ள ஒரு துண்டு மாதிரி வந்தது. அந்த இரண்டு நாளும் டிராம் நின்றது நிஜம். நானே அதில் ஒருநாள் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா சமையலறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். தங்கை முதலில் கேட்டது வேறு.

"பரண்மேல இல்லையா அப்போ?"

"இல்லம்மா."

"பட்டுத்துணி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, அது போகட்டும். நான் யாரையும் பாக்கலேங்கறது உண்மைதானே அண்ணா? உண்மையைத்தானே சொல்லச் சொன்னாங்க?"

"உண்மையானாலும் சத்தியம் பண்ணக்கூடாதும்மா. சாமி காரியம்."

அவள் பூஜை மாடத்தைப் பார்த்தாள். அப்புறம், "உன் சாமிக்கு என்னைத் தெரியாதா?" என்று கேட்டாள்.

முருகனுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கண்ணிமைப்பில் தெரியாமல் போனது எனக்குத்தான். அதை அவளிடம் மறைத்தேன்.

பிக்ரிவாலாவைத் தேடிக்கொண்டு நாலைந்து நாள் தெருத் தெருவாக அலைந்தேன். எல்லா பிக்ரிவாலாவும் ஒரே மாதிரிதான் கூவுகிறார்கள். விஷயம் மதராஸில் பரவிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஓரிரண்டு வரனும் கடிதத்தோடு நின்றன. பிறகு தங்கையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆபீஸ் போனாள், வந்தாள், விளக்கேற்றினாள். என்னோடு பேசாமல் இருந்ததில்லை. "அண்ணா, காபி" என்பாள், "அண்ணா, லெட்டர்" என்பாள். ஆறு மணிக்கு முன்னறைக் கதவு மட்டும் திறந்தே இருந்தது. ரெக்கார்டு பிளேயர் மேல் துணி போட்டு அலாரம் கடிகாரத்தை வைத்துவிட்டாள். அம்மா போகும்போதும் அந்தக் குறையோடுதான் போனாள்.

பத்து வருடம் கழித்து, எண்பதுகளின் கடைசியில், கரியாஹாட் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலுக்குள் அந்த அட்டை கண்ணில் பட்டது. ஓர் ஆள் ஒரு பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். எங்கள் வீட்டு ரெக்கார்டு இல்லை, வேறு யாருடையதோ. ஆனால் அதே இசை, அதே மனிதர். வாங்கிக்கொண்டு வந்தேன். புது ஊசியும் வாங்கினேன்.

தங்கை அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு அண்ணா? காட்டறதுக்கா, கேக்கறதுக்கா?"

அவளே கடிகாரத்தை எடுத்துவிட்டு ரெக்கார்டைப் போட்டாள். கரண்டி தட்டுகிற துண்டு வந்தது. சமையலறையில் என் மனைவி எலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்தக் குழல். பாதியில் லோட் ஷெடிங். குழல் தடித்து இழுத்து அடங்கியது. இருட்டில் நான் காத்திருந்தேன். அவள் முணுமுணுக்கவில்லை. கரண்ட் வருகிற வரைக்கும் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வந்ததும் முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, ரெக்கார்டைத் துடைத்து உறையில் போட்டாள். அட்டையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள், அம்மா வைக்கிற மாதிரியே.

போன வருடம் மதராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் தூரத்து உறவுக்காரர் ஒருவர், "அந்த அர்மீனியாக்காரன் அப்புறம் கப்பல் ஏறிட்டானாமே?" என்று கேட்டார். ரெக்கார்டு ஆள் ஆகி, ஆள் கப்பலும் ஏறிவிட்டான். இன்னொரு அம்மாள் வேறு விதமாகச் சொன்னார். அந்தப் பையனின் குடும்பம் பின்னால் நன்றாக வாழவில்லையாம். அது தெரிந்துதான் முருகன் உங்கள் கையைத் தடுத்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கப்பல் கதையைவிட இந்தக் கதைதான் என்னை அதிகம் சுட்டது. என் கையைத் தடுத்தது முருகன் இல்லை.

ஊர் திரும்பியதும் புது நோட்டு எடுத்தேன். இன்று முடித்தேன். அன்று செய்யாததை இப்போது செய்கிறேன். என் தங்கைக்கு எந்த அர்மீனியாக்காரரையும் தெரியாது. மூன்று ரெக்கார்டுகள்தான் தெரியும். இது சத்தியம். இதற்குப் பாவம் உண்டென்றால் அது என் ஒருவனைச் சேரட்டும்.

எழுதியதை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்தாள். கரியாஹாட்டிலிருந்து நான் வந்து சொன்னபோது அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். "நான் அழலையே," என்று அந்த வரியை அடித்தாள். நான் விட்டிருந்த இரண்டு ஒற்றுகளைத் தானே போட்டு, "பரவாயில்ல, இப்பவாவது எனக்கும் தெரியுது," என்று கேலி செய்தாள். கற்பூரம் எரிந்த இடத்தில் பேனா நின்றது. அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணா," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை யாருக்காவது சொல்ல நேர்ந்தால் இப்படியே சொல்லுங்கள். ஆளைச் சேர்க்காதீர்கள், கப்பலைச் சேர்க்காதீர்கள், என்மேல் இரக்கப்பட்டு முருகனையும் சேர்க்காதீர்கள். அவள் அடித்த வரி அடித்தபடி இருக்கட்டும். அவள் அடிக்காமல் விட்டதை நீங்களும் விட்டுவிடுங்கள்.